போட்டு வாறன்

கம்பியூட்டர் கமராவின் பக்கத்தில் இருக்கும் பச்சை விளக்குப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. கம்பியூட்டரை யாரும் தொடவில்லை. தொடுவதற்கு அந்த வீட்டில் ஜெயரூபியை விட்டால் ஆளும் இல்லை. மகள் லோஜனாவை ஆடி மாதம் டெங்கு கொண்டுபோனது. கணவர் செத்தவீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பவும் கட்டாருக்குப் போய்விட்டார். பிறகு யாரைப் பார்க்க இந்தப் பொட்டு எரிகிறது? கீரை ஆய்ந்த கையைத் துடைத்துக்கொண்டு அவள் கிட்டப் போனாள். அணைந்தது. திரும்பி நடந்தாள். அலுமாரிக் கண்ணாடியில் பார்த்தபோது அது முதுகுக்குப் பின்னால் மறுபடியும் எரிந்தது.

கம்பியூட்டர் லோஜனாவுடையது. வானொலியில் காலநிலை அறிக்கை வாசிக்க வேண்டும், அதுதான் அந்தப் பிள்ளையின் ஆசை. கேட்டவர்கள் சிரித்தார்கள், அவளா கேட்பாள்? காற்றின் வேகம் அதிகரிக்கும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று தினமும் மைக்கில் வாசித்துப் பதிந்து வைப்பாள். ஆஸ்பத்திரியில் பிள்ளையின் போன் தொலைந்த பிறகு அவளுடைய குரல் மிஞ்சியிருப்பது அந்தக் கம்பியூட்டரில் மட்டும்தான். அதில் ஒன்றை ஜெயரூபி தினமும் பின்னேரம் போட்டுக் கேட்பாள். அறிக்கையைப் பாதியில் விட்டுவிட்டு ரியூசன் வகுப்புக்கு ஓடுகிற பதிவு அது. அவளைத் திருத்துகிற ஜெயரூபியின் குரலும் அதில் விழுந்திருந்தது.

“அம்மா, போறன்.”

“போறன் எண்டு சொல்லாதை எண்டு எத்தினை தரம் சொல்றது? போட்டு வாறன் எண்டு சொல்லு.”

“சரி, சரி. போட்டு வாறன்.”

போனால் திரும்பி வருவாள். வீட்டின் பின்பக்கத்துக் குசினிக் கதவின் வெடிப்பில் சுட்டுவிரலை விட்டு, உள்ளே இருக்கும் கொழுக்கியைத் தட்டித் திறந்துகொண்டு வருவாள். வேறு யாருடைய விரலும் நுழையாத வெடிப்பு அது.

செத்தவீட்டிலிருந்து போகிறவர்கள் போட்டு வாறன் என்ற சொல்லைச் சொல்வதில்லை. பேசாமல் எழும்பிப் போவார்கள். பெட்டியைத் தூக்கியபோது ஜெயரூபியும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பத்தொன்பது வருடம் சொல்லிச் சொல்லி அனுப்பிய பிள்ளையை அன்றைக்கு ஒரு சொல்லும் இல்லாமல் அனுப்பினாள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் றிஸ்வி வந்து பார்த்தான். பார்த்து முடியுமட்டும் கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

“உள்ளுக்க ஆரோ பூந்திரிக்காங்க அக்கா. கமராவத் திறக்கிறது அதுதான். தங்கச்சிட குரல் இரிக்கிற ஃபோல்டருக்குள்ளதான் ஒளிஞ்சிரிக்கி.”

“துரத்த ஏலாதோ தம்பி?”

“ஏலும். ரெண்டு சொப்ட்வெயார் இரிக்கி. ஒண்டு சாதுவானது, எல்லாத்தையும் உங்களிட்டக் கேட்டுத்தான் செய்யும். மத்தது பொல்லாதது. சந்தேகம் வந்தாக் கேக்காமலே அழிச்சிரும். நானெண்டா அதைத்தான் போடுவன்.”

“குரலையும் அழிக்குமோ?”

“ஓம் அக்கா.”

“வேற எதிலையும் ஏத்தி வைச்சிட்டு...”

“ஏத்தினா அதுவும் சேந்து ஏறிடும்.”

“அப்ப சாதுவானதைப் போடுங்கோ.”

அதைத்தான் போட்டான். ஆனாலும் போகும்போது மற்றதை ஒரு சின்னப் பென் டிரைவில் ஏற்றிக் கீபோட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். “மனம் மாறினா இதக் குத்தி விடுங்க. மிச்சத்த அது பாத்துக்கும்.”

பிறகு மழை பிடித்தது. கொட்டியாரக் குடாப் பக்கமிருந்து கறுத்து வந்து, கூரைத் தகரத்தில் விழுந்து, பீலி வழியாக ஓடி, வீடு முழுக்க ஊறிய துணியின் மணம் ஏற, துறைமுகத்தில் நிற்கிற கப்பலின் ஊதலும் மழையும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், திரையில் பெட்டி ஒன்று வந்தது. ஒலிபெருக்கியைப் பயன்படுத்த அனுமதி கேட்கப்படுகிறது. அனுமதிக்கவா, தடுக்கவா? தடுத்தாள். மறுநாளும் வந்தது, மறுநாளும் தடுத்தாள். அதற்கடுத்த நாள் கீழே ஒரு வரி கூடியிருந்தது. கேட்பவர்: லோஜனா.

அது கம்பியூட்டருக்குப் பிள்ளை வைத்த பெயர், அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன? கை கேட்க வேண்டுமே. அனுமதித்தாள்.

“அம்மா,” என்றது ஒலிபெருக்கி.

லோஜனாவின் குரலேதான். ஜெயரூபி கதிரையில் அப்படியே இருந்துவிட்டாள்.

“சாப்பிட்டியோ பிள்ளை?”

“கடல்... கொந்தளிப்பாகக் காணப்படும். அம்மா. மழை தொடரும்.”

அறிக்கைகளில் இருந்து பிய்த்து எடுத்த சொற்கள். இருந்தாலும் அவள் அழுதழுது கதைத்தாள். கீரை வைத்ததைச் சொன்னாள், அப்பா போன் எடுத்ததைச் சொன்னாள். பின்னேரம் பதிவுகளில் ஒன்றைப் போட்டபோது குரல் இல்லை. மழை இரைச்சல் மட்டும் கேட்டது. இரைச்சலுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுகிற சத்தம்.

அடுத்த நாளும் அது கதைத்தது. இன்னொரு பதிவு ஊமையானது. கதைக்கக் கதைக்க ஒவ்வொன்றாக ஊமையாகின. அது லோஜனா இல்லை, லோஜனாவைத் தின்கிற ஏதோ ஒன்று என்று அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் அனுமதித்தாள். பெற்றவளைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்தக் குரலில் அம்மா என்று கூப்பிட உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

கடைசியில் அவளைப் பயப்படுத்தியது ஒரு வசனம்தான்.

“இன்று மாலை,” என்றது அது, ஒரு சொல்லும் பிசகாமல், “கரையை வந்தடையும்.”

மைம்மல் பொழுது, இருள் கவிகிற நேரம். ஊருக்குள் திரிந்து, மரக்கறித் தோலுக்காக வழமையாக வாசல் படலையடிக்கு வருகிற மான்கள் அன்றைக்கு றோட்டோடு நின்றுவிட்டன. நனைந்துகொண்டு நின்றன. எல்லாத் தலையும் வீட்டின் பின்பக்கத்தைப் பார்த்திருந்தது. குசினிப் பக்கமிருந்து சேற்று மணம் வந்தது, கடல் வற்றி இறங்கும்போது துறைமுகக் கரையில் எழும்புகிற மணம். ஜெயரூபி ஃபோல்டரைத் திறந்தாள். ஒரே ஒரு பதிவு மிச்சமிருந்தது. ரியூசனுக்கு ஓடுகிற பதிவு.

தின்னக் கொடுப்பதைவிடத் தானே அழிக்கலாம். பிள்ளையின் வாயால் இன்னொன்று கதைக்கக் கூடாது. பென் டிரைவைக் குத்தினாள்.

பொல்லாதது ஒன்றும் கேட்கவில்லை. நீலக் கோடு ஓடத் தொடங்கியது. பச்சைப் பொட்டு துடித்தது.

“அம்மா. காற்று. அம்மா. வேண்டாம்.”

கண்ணை மூடினாள். காதைப் பொத்தினாள். விரலுக்குள்ளாலும் கேட்டது.

“வேண்டாம். செல்ல வேண்டாம்.”

கோடு முக்கால்வாசி ஓடிவிட்டது. குரல் தேய்ந்தது. பிறகு மழை மட்டும். அவள் கையை எடுத்தாள். இரண்டாம் முறையும் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தாயிற்று, இரண்டாம் முறையும் ஒரு சொல் இல்லை.

“அம்மா, போறன்.”

சன்னமாக வந்தது, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு சொல்வது போல. வாய் தன்பாட்டில் திறந்தது.

“போறன் எண்டு சொல்லாதை, பிள்ளை. போட்டு வாறன் எண்டு சொல்லு.”

சொன்ன பிறகுதான் தெரிந்தது, சொன்னது பதிவில் இருக்கிற தன் பழைய குரல் இல்லை. இப்போது, தானேதான்.

“சரி, சரி,” என்றது. அதற்குச் சந்தோசம். “போட்டு வாறன்.”

கோடு முடிந்தது. பச்சைப் பொட்டு அணைந்தது. உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது என்று திரை சொன்னது. ஃபோல்டரில் ஒன்றும் இல்லை.

மழையும் நின்றது.

குசினியில் கொழுக்கி அசைந்தது.

அவள் எழும்பிப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. கதவின் வெடிப்பில் ஒரு சுட்டுவிரல் நுழைந்திருந்தது. மெல்லிய விரல். நகத்துக்குள் சேறு.

“லோஜி?”

அதன் பக்கத்தில் இன்னொரு விரல் வந்தது. பிறகு இன்னொன்று. ஒரு விரலுக்கு மேல் நுழையாத அந்த வெடிப்பால், பிழிந்த துணிபோல மடிந்து மடிந்து, முழுக்கையும் உள்ளே வந்தது. கொழுக்கியைத் தட்டவில்லை. அவள் பக்கம் திரும்பி, றோட்டுக் கடக்கும்போது பிள்ளை அம்மாவிடம் நீட்டுவதுபோல, உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றது.