உள்கைப் பக்கம் கட்டிய வாட்ச்

உள்ளே மெஷினே இல்லாத ஒரு லேடீஸ் வாட்ச் ஓடியதை நான் என் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன். சாதாரண ஓட்டமா அது? சேலையூரில் அது போட்ட சத்தத்துக்குக் குன்றத்தூர் முருகனே மயிலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்திருப்பார். ரிடையரான நாளிலிருந்து பழைய கைக்கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுவதுதான் எனக்குப் பிழைப்பு, பொழுதுபோக்கு எல்லாம். இந்தக் கதையை நான் சொல்லாத டீக்கடை தாம்பரத்தில் கிடையாது. கேட்டவர்கள் எல்லோரும் நம்பினார்கள். நம்பமாட்டேன் என்று அடம்பிடித்தவர் ஒரே ஒருவர், எதிர்வீட்டு ஜெயகிருஷ்ணன். அவர் வீட்டில்தான் அது நடந்தது.

அவருடைய அக்கா சந்திரிகா டீச்சர் ஒரு மத்தியானம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். நம் பெண்கள் பலரையும் போல டீச்சரும் வாட்ச்சை டயல் உள்பக்கம் வரும்படி, சரியாக நாடி ஓடும் இடத்தில் கட்டுவார். வேலைக்கு வரும் செல்லியம்மாள்தான் முதலில் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

“சார், துடிக்குது சார்! அக்கா உசுரோடதான் கீது. ஆட்டோ இட்டுக்கினு வா சார்!”

ஜெயகிருஷ்ணன் குனிந்து, அதே இடத்தில் மூன்று விரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

“அது வாட்ச் துடிக்குதும்மா. கைய விடு.”

பட்டையை அவிழ்த்து வாட்ச்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வீடு டீச்சர் பெயரில் இருந்தது. இடித்து ஃப்ளாட் கட்டக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று டீச்சர் ஒற்றைக்காலில் நின்றிருந்தார். டாக்டருக்குப் போன் போனபோது வெயில் தாழ்ந்துவிட்டது. அவர் வந்தபோது டீச்சரின் கை ஜில்லிட்டிருந்தது.

மிச்சத்தை ஜெயகிருஷ்ணனே பிற்பாடு என்னிடம் சொன்னார். உப்பு காரம் மட்டும் என்னுடையது.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, மழை விட்ட ஒரு சாயங்காலம், தண்ணீர் மோட்டாரை அணைத்ததும் வீட்டில் விழுந்த அந்த அமைதியில், நாப்தலீன் உருண்டை வாசனையும் ஈரச் சுவரின் வாசனையும் கலந்து வந்த பீரோவுக்குள்ளிருந்து, துணிக்கு அடியில் ஏதோ ஒன்று மெதுவாக அடித்துக்கொள்வது அவர் காதில் விழுந்தது. அன்று அவரே அங்கே போட்டுவைத்த வாட்ச். அவருக்குச் சிரிப்புகூட வந்ததாம். பார், வாட்ச்தான் துடிக்கிறது, நான் சொன்னது சரிதானே என்று செல்லியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டலாம் போலிருந்ததாம்.

எடுத்துப் பார்த்தார். முள் பத்துப் பத்தில் நின்றிருந்தது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

யார் சாவி கொடுத்தது?

லேடீஸ் வாட்ச் சிட்டுக்குருவி கொத்துவதுபோல டிக்டிக்கென்று பறக்கும். இது பறக்கவில்லை. இரண்டு அடி. ஒரு நிறுத்தம். இரண்டு அடி. ஒரு நிறுத்தம். தலையணைக்குள் திணித்தார், கேட்டது. அரிசி டப்பாவில் புதைத்தார், கேட்டது. மொட்டை மாடியில் வைத்துவிட்டு வந்தார். சத்தம் தண்ணீர்க் குழாய் வழியே இறங்கி வந்தது. குளிக்க உட்கார்ந்தால் டப்-டப். அக்கா விழுந்த அதே தரையில். டப்-டப். கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடியது. விழுந்து கிடப்பவர் யாரையோ கூப்பிடுகிற அவசரம்.

மறுநாள் காலையிலேயே என் வீட்டுப் படியேறினார். கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன.

“சார், இத நிறுத்திக் குடுங்க. எப்படியாவது.”

எனக்கோ உள்ளூர ஒரே குஷி. வாட்ச்சைச் செய்தித்தாள் மேல் வைத்து, கத்திமுனையால் பின்மூடியை நெம்பினேன். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி உள்ளே சுத்தமாகக் காலி. டப்-டப்.

“நீங்க எடுத்து ஒளிச்சிட்டீங்க சார்,” என்றார். “வித்தை காட்டுறீங்க. நான் நம்பமாட்டேன்.”

“எடுத்தது நான்தான். ஆனா இப்ப இல்ல.” அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினேன். துருப்பிடித்த ஒரு குட்டி மெஷின், சுண்டுவிரல் நகம் அளவுக்கு. “டீச்சர் முடிச்சூர்ல வெள்ளத்துல மாட்டினப்ப ஊறிப்போச்சு. துரு டயல்ல ஏறிடும், கழட்டிடுங்கன்னு டீச்சரே சொன்னாங்க. மொதல் சம்பளத்துல வாங்கினது, கை வெறுமையா இருக்க வேணாம்னு காலிக் கூட்ட மட்டும் கட்டிக்கிட்டாங்க. பத்துப் பத்துல முள்ள ஒட்டினதும் நான்தான். அதுக்கப்புறம் இந்த வாட்ச் துடிக்கவே வழி இல்ல சார்.”

அவர் இடது கையை நீட்டிக் கூட்டை எடுக்க வந்தார்.

அப்போதுதான் அவருடைய இடது கையைப் பார்த்தேன். மணிக்கட்டின் உள்பக்கம், தோலில், ஒரு குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. நாடி பார்க்கிறவர் விரல் வைத்து அழுத்தினால் விழுமே, அப்படி.

அழுத்துகிற விரல்கள் எதுவும் இல்லை.

கையை உதறினார். சுவரில் அடித்தார். குழிகள் நகரவில்லை. அவர் விரல்நுனிகள் நீலமாயின.

“சார்... யாரோ புடிச்சிருக்காங்க சார்... ஜில்லுனு...”

காலிக் கூடு சட்டென்று நின்றது. தெருவே நின்றதுபோல இருந்தது. மூன்று குழிகள் மட்டும் அப்படியே. பொறுமையாக. பரீட்சை ஹாலில் பையன் பக்கத்தில் வந்து நிற்கும் டீச்சர் மாதிரி.

ஜெயகிருஷ்ணன் தரையில் உட்கார்ந்தார்.

“துடிச்சுது சார். அன்னிக்கு அவ கைதான் துடிச்சுது. எனக்குத் தெரியும்.”

குழிகள் இன்னும் ஆழமாயின.