நகர மாட்டேன் அண்ணி

பின்னலின் நுனி கவசத்தின் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தது. அவள் நாத்தனாரைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தி, இழை இழையாக விடுவித்தாள்.

"மெதுவா அண்ணி. என் முடி உங்க வீட்டுச் சொத்து இல்ல."

"சாப்பாட்டுல கிடந்தா மட்டும் 'அண்ணி முடி'ன்னு உங்க அண்ணன்கிட்ட காட்டுறியே, அப்ப யார் வீட்டுச் சொத்துடி?"

நாத்தனார் தோள் குலுங்கச் சிரித்தாள். சளிக்காக மூக்கடியில் தடவியிருந்த யூகலிப்டஸ் தைலம் அந்தச் சிரிப்போடு சேர்ந்து மணத்தது. முடி விடுபட்டது, கொக்கி பூட்டிக்கொண்டது. வெளியே மதியம் மூன்று மணி வெயில் காரின் கூரையில் கொதித்துக்கொண்டிருந்தது.

அண்ணிக்கு எடைப் பொறிகளைச் சோதிக்கும் வேலை. கடை, கிடங்கு, மருந்து ஆலை என்று ஊர் ஊராகப் போய், பெட்டியிலிருந்து படிக்கற்களை எடுத்துத் தட்டில் வைத்து, எடை சரியாகக் காட்டுகிறதா, கல்லை எடுத்ததும் முள் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். அவளுக்குக் கார் ஓட்ட வராது. கணவனின் தங்கைக்கு அப்போதைக்கு அது ஒன்றுதான் வேலை. மதியத்தோடு சோதனை முடிந்துவிடும். அதன் பிறகு, அந்த ஊரில் லேசர் டேக் அரங்கு எங்கே இருக்கிறது என்று நாத்தனார் ஃபோனில் துழாவ ஆரம்பிப்பாள்.

பேரங்காடியின் நான்காம் மாடி, மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகை, மரச்சாமான் கடையின் கீழ்த்தளம் என்று அதுவரை பத்தொன்பது அரங்குகள். ஒவ்வொன்றையும் நாத்தனார் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். 'புகை ஜாஸ்தி, துப்பாக்கி சுமார், கழிப்பறை பிரமாதம்.' திரையில் போடும் பட்டப்பெயருக்கு அண்ணிக்கு அவள் வைத்தது 'படிக்கல்'. பதிலுக்கு அண்ணி வைத்தது 'வாயாடி'.

ஆட்டம் எளியதுதான். மார்பிலும் முதுகிலும் விளக்கு எரியும் கவசத்தைப் போட்டுக்கொண்டு, இருட்டில் ஒருவரை ஒருவர் ஒளித் துப்பாக்கியால் சுட வேண்டும். அடிபட்டால் விளக்கு அணைந்துவிடும். கவசத்துக்குள்ளிருந்து ஒரு குரல் ஐந்திலிருந்து கீழே எண்ணும். ஒன்று என்றதும் விளக்கு வரும், மறுபடி உயிர். அந்த ஐந்து நொடியில் எல்லோரும் ஓடி ஒளிவார்கள். நாத்தனார் ஓடுவதில் எமகாதகி. அதனால் அண்ணி தங்கள் இருவருக்கும் மட்டும் ஒரு சட்டம் போட்டிருந்தாள். அடிபட்டவள் கையைத் தலையில் வைத்துக்கொண்டு, விளக்கு வரும்வரை நின்ற இடத்தில் நிற்க வேண்டும். தோற்றவள் படிக்கல் பெட்டியைச் சுமக்க வேண்டும்.

இருபதாவது அரங்கு ஊர்க்கோடியில் ஒரு தகரக் கூரைக் கிடங்கு. அவர்களைத் தவிர ஆள் இல்லை. கவுன்ட்டர்க்காரர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு நடுவயதுக்காரர், தரையைப் பார்த்தபடியே விதிமுறைகளை ஒப்பித்தார். ஓடக் கூடாது. ஏறக் கூடாது. அடுத்து, "அடிபட்டவங்க கையைத் தலையில வெச்சுக்கணும். வெளிச்சம் வர்ற வரைக்கும் நகரக் கூடாது."

பத்தொன்பது ஊரில் யாரும் இதைச் சொன்னதில்லை. அவளும் நாத்தனாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாத்தீங்களா அண்ணி, உங்க சட்டம் நமக்கு முன்னாடியே இங்க வந்து உக்காந்திருக்கு" என்று நாத்தனார் முழங்கையால் இடித்தாள்.

உள்ளே இனிப்பும் பிளாஸ்டிக்கும் கலந்த புகை. கறுப்புப் பலகைத் தடுப்புகளின் ஓரங்களில் பச்சை வண்ணம் மட்டும் மினுங்க, எங்கோ ஒரு மின்விசிறி கடகடத்துக்கொண்டே இருந்தது. அவள் சரிவுப் பாதையில் ஏறி, ஒரு தூணுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். கீழே நீல விளக்கு மெல்ல நகர்ந்து வந்து, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றது. அவள் சுட்டாள்.

நீலம் அணைந்தது.

"முதுகுல சுடுறதுதான் உங்க பரம்பரைப் பழக்கமா அண்ணி? இருங்க, வெளிச்சம் வரட்டும், திரும்பி ஒரே போடு."

ஐந்து என்றது குரல். நான்கு. மூன்று. இரண்டு.

மின்விசிறி கடகடத்தது.

"அண்ணி, ஒண்ணு வரலியே."

"வரும் இரு."

வரவில்லை. இருட்டில் ஒரு கை தலைமேல் இருப்பது மட்டும் கோடாகத் தெரிந்தது. "கவசம் கெட்டுப்போச்சு போல. அங்கேயே இருடி. நகராதே. நான் போய் ஆளைக் கூட்டிட்டு வரேன்."

"நகர மாட்டேன் அண்ணி. நகர்ந்துட்டேன்னு சொல்லி என் தலையில பெட்டியைக் கட்டிடாதீங்க."

ஆளைக் கூட்டிக்கொண்டு வர இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் எல்லா விளக்குகளையும் போட்டார். வெளிச்சத்தில் அது ஒரு சாதாரணக் கொட்டகை. கீறல் விழுந்த பலகைகள், தரையில் ஒட்டிய சூயிங்கம், நினைத்ததில் பாதி அளவு. ஒரே கதவு, அதன் வழியாகத்தான் அவர்கள் வந்தார்கள். நாத்தனார் நின்ற இடத்தில் யாரும் இல்லை. தைல வாசனை மட்டும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது.

போலீஸ் வந்தது. பலகைகளைப் பிரித்தார்கள், தரையைத் தட்டிப் பார்த்தார்கள். கதவுக்கு மேலிருந்த கேமராவில் இரண்டு பேர் உள்ளே போனார்கள், ஒருத்தி வெளியே வந்தாள். கவுன்ட்டர்க்காரரை ஒரு வாரம் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். அந்த விதியை யார் சொல்லிக்கொடுத்தது என்று அவள் கேட்டதற்கு, அப்படியொரு விதியே தாம் சொன்னதில்லை என்றார்.

கணவன் அவளைத் திட்டவில்லை. தங்கையின் பல்துலக்கியைக் குளியலறையிலிருந்து எடுக்கவும் இல்லை. நான்கு மாதம் கழித்து அவள் மறுபடி வேலைக்குக் கிளம்பியபோது, பெட்டியை வாசல்வரை தூக்கி வந்தான்.

"அந்த மாதிரி இடங்களுக்கெல்லாம் போய்ப் பாக்கப்போற, இல்ல?"

"ஆமாங்க."

"பாத்தா கையோட கூட்டிட்டு வந்துடு." பேருந்தில் மறந்துவிட்ட குடையைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னான். பிறகு அவசரமாக உள்ளே போய்விட்டான்.

அன்றிலிருந்து பேருந்துப் பயணம். மடியில் பெட்டி, மனசில் ஒரே ஒரு வாக்கியம். பார்த்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். 'வாடி, வீட்டுக்குப் போகலாம்.' அதை உதடு அசையாமல் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஆளுக்குச் சீட்டு வாங்கி, கவசம் போட்டு, துப்பாக்கியைத் தொங்கவிட்டபடி இருட்டுக்குள் நடப்பாள். பிள்ளைகள் அவளைச் சுட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடுவார்கள். இரவில் கணவன் ஃபோன் செய்வான்.

"இன்னைக்கு?"

"இல்லங்க."

அதோடு ஃபோனை வைத்துவிடுவான்.

ஏழு அரங்குகளில் ஒன்றும் இல்லை. எட்டாவதில், பலகைக்கு அந்தப் பக்கம், குழந்தைகளின் கூச்சலுக்கு அடியில், மிக மெல்ல ஒரு குரல் எண்ணியது. மூன்று. இரண்டு. அவள் சுற்றிக்கொண்டு ஓடினாள். அங்கே சுவர்தான் இருந்தது. பதினோராவதில் யூகலிப்டஸ் மணந்தது. புகையின் இனிப்பைக் கிழித்துக்கொண்டு, அப்போதுதான் மூடி திறந்ததுபோல மணந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். அன்று இரவும் "இல்லங்க" என்றாள். சொல்லி ஆசைகாட்ட மனம் வரவில்லை.

நாத்தனார் காணாமல்போய் இரண்டு வருடம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது இன்னொரு அரங்குக்குப் போனாள். ஒரு வங்கிக் கட்டடத்தின் அடித்தளம். வேலை நாள், மதியம் மூன்று மணி. வேறு யாரும் இல்லை. கவுன்ட்டரில் இருந்த பெண் திரையில் அவள் பெயரைத் தட்டினாள்.

"படிக்கல்லா? வித்தியாசமா இருக்கே மேடம்."

"வீட்டுல வெச்ச பேரு."

கதவு பின்னால் சாத்திக்கொண்டதும் முதலில் குளிர் தெரிந்தது. குளிர்சாதனத்தின் உலர்ந்த குளிர் இல்லை. நெடுநாள் மூடிக்கிடந்த இரும்புப் பெட்டியைத் திறந்து கையை உள்ளே விட்டால் தெரியுமே, அந்தக் குளிர். புகை தரையோடு தரையாகப் படுத்திருந்தது, நடந்தால்கூடக் கலையவில்லை. எங்கோ ஒரு மின்விசிறி கடகடத்தது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். திருப்பங்களில் பச்சை ஓரங்கள். ஒரு சரிவுப் பாதை. ஒரு தூண். வேறொரு ஊரில், வேறொரு கட்டடத்தில், அதே தூண்.

அவள் தூணுக்குப் பின்னால் நின்றாள். கீழே பார்த்தாள்.

யாரோ முதுகைக் காட்டி நின்றார்கள். ஒரு கை தலைமேல்.

தைல வாசனை.

அவள் இறங்கினாள். பத்து அடி. ஐந்து அடி. கவசத்தின் விளக்குகள் அணைந்திருந்தன. தோள்களில் தூசி படிந்திருந்தது. பீரோவின் மேல்பக்கத்தில் வருடக்கணக்கில் சேருமே, அப்படி, துணிபோலக் கனமாக. பின்னல் வளர்ந்திருந்தது. முதுகைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, புகைக்குள் போயிருந்தது. நடுவில் கவசக் கொக்கியில் மறுபடி மாட்டியிருந்தது.

"அண்ணி?"

அதே குரல். அதே விளையாட்டு. இரண்டு நிமிடம்கூட ஆகாததுபோல.

"ஆள் வந்தாச்சா?"

அவள் அந்த வாக்கியத்தைத் தேடினாள். வாடி. அந்த ஒரு சொல் போதும். அதற்குள் கை முந்திக்கொண்டது. பழைய வழக்கம். கொக்கியில் சிக்கிய முடியை எடுத்துவிட நீண்டது. பின்னலை உள்ளங்கையில் ஏந்தினாள்.

எடை இல்லை.

இருபது வருடம் கல்லைத் தொட்ட கை அது. ஐந்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் சொல்லும். ஒரு காகிதத்தின் எடை தெரியும், ஒரு உதிர்ந்த முடியின் எடைகூடத் தெரியும். இந்தப் பின்னலுக்கு ஒன்றுமே இல்லை. தட்டில் எதுவும் வைக்காததுபோல. குளிர் மட்டும் இருந்தது. அது விரல்கள் வழியாக மணிக்கட்டுக்கு ஏறியது.

"கை வலிக்குது அண்ணி."

அவள் பின்னலை விட்டாள். அது விழவில்லை. விட்ட இடத்திலேயே, காற்றில், நின்றது.

"நான் நகரவே இல்ல. பாத்தீங்கல்ல?"

"பா... பாத்தேன்."

"திரும்பலாமா அண்ணி?"

தலைமேல் இருந்த கையின் விரல்கள் அசைந்தன. தூசி உதிர்ந்தது. கழுத்து, மிக மெல்ல, ஒரு பக்கமாக. கன்னத்தின் ஓரம் தெரியப்போகிறது. கன்னம் இருக்க வேண்டிய இடத்தின் ஓரம்.

"வெளிச்சம் வராட்டிப் பரவாயில்ல. நீங்க சொன்னா திரும்பிடறேன். திரும்பலாமா?"

ஒரு சொல். வாடி. இரண்டு வருடம் பேருந்துகளில் சொல்லிப் பார்த்த சொல்.

அவள் வாயைத் திறந்தாள்.

"அங்கேயே இருடி" என்றாள். "நகராதே. நான் போய் ஆளைக் கூட்டிட்டு வரேன்."

கழுத்து நின்றது. பழையபடி நேரானது.

"சரி அண்ணி," என்றாள் நாத்தனார். "நகர மாட்டேன்."

அவள் நடந்தாள். பிறகு ஓடினாள். தோள் பலகையில் மோதியது, துப்பாக்கி முழங்காலில் அடித்தது. கதவு. வெளிச்சம். மேசைமேல் பாதி குடித்த தேநீர்.

"என்ன மேடம், அதுக்குள்ள வந்துட்டீங்க? இன்னும் ஆறு நிமிஷம் இருக்கே" என்றாள் கவுன்ட்டர்ப் பெண். பிறகு திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். "நீங்க தனியாத்தானே போனீங்க?"

அவள் கவசத்தைக் கழற்றினாள். கொக்கி திறக்க வெகுநேரம் பிடித்தது. பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டக்காரர்களின் பெயர் ஓடும் சுவர்த் திரைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே போக எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். ஐந்து மணிக்குப் பள்ளிச் சீருடையில் ஒரு கூட்டம் வந்து, கூச்சலோடு உள்ளே போய், சிரித்துக்கொண்டே வெளியே வந்தது. யாரும் எதையும் பார்த்ததாகச் சொல்லவில்லை. ஒரு சிறுமி மட்டும், உள்ளே இருமல் மருந்து வாசனை அடிப்பதாகத் தன் தோழியிடம் சொல்லிக்கொண்டு போனாள்.

ஃபோன் அடித்தது.

"இன்னைக்கு?" என்றான் கணவன்.

அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

"இல்லங்க."

திரையில் மேல் வரிசையில் படிக்கல் என்று இருந்தது. அதன் கீழே வாயாடி. அந்தப் பெயருக்கு எதிரே, வெளிச்சம் வர மிச்சமிருக்கும் நொடிகளைக் காட்டும் கட்டத்தில், 2 என்று இருந்தது. கவுன்ட்டர்ப் பெண் கடை விளக்கை அணைக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இரண்டாகவே இருந்தது.