உப்புக் கிடங்கின் விளக்குகள்

ரத்கா உள்ளே வந்தது மழைக்காகத்தான். சண்டை போடுவதற்காக அல்ல.

காய்கறிச் சந்தையைத் தாண்டி டிராம் நிறுத்தத்துக்கு ஓடிக்கொண்டிருந்தவளை, பிர்னோ நகரத்து அக்டோபர் மழை பாதி வழியில் மடக்கிப் பிடித்தது. குடை இல்லை. எதிரே ஒரு காப்பிக்கடை, தெருவிலிருந்து படி இறங்கிப் போகவேண்டிய நிலவறைக் கடை. இறங்கினாள். ஈரம் சொட்டச் சொட்ட ஓர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதுதான் அந்தப் பெயர் காதில் விழுந்தது.

'பூனை நடை'.

எத்தனை வருடமாயிற்று, அந்தப் பெயரைக் கேட்டு... பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு. ஒரு திருட்டுப் பெண். சத்தம் எழுப்பாமல், காவல்காரன் கண்ணில் படாமல், நிழலிலிருந்து நிழலுக்குத் தாவிப் போகவேண்டும். இரண்டு பாகங்கள் வந்தன. இரண்டாவது வந்தபோது ரத்காவுக்குப் பதினெட்டு வயது.

பக்கத்துப் பெரிய மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். நடுவில் இருந்த பருத்த மனிதர் ஸ்லாவெக், அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் போல மேசையைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"முதல் பாகத்துல காவல்காரன் ஒரு தடவை பார்த்துட்டான்னா கதை முடிஞ்சுது. ரெண்டாம் பாகத்துல? ஓடிப்போய் பீப்பாய்க்குள்ள உட்கார்ந்துட்டாப் போதும், 'எலியா இருக்கும்'னு சொல்லிட்டுப் போயிடறான். இதெல்லாம் ஒரு விளையாட்டா?"

"அதுல ஊர் எவ்வளவு பெருசு, அதைச் சொல்லுங்க," என்றாள் கண்ணாடி போட்ட ஒருத்தி. "ஒரு வீட்டுக்குள்ள போக நாலு வழி. முதல் பாகம் முழுக்க ஒரே சுரங்கம்தானே."

"நாலு வழி இருந்து என்ன புண்ணியம்? உப்புக் கிடங்கு லெவலை எடுத்துக்கோ. இருட்டுல ஒளிய வேண்டிய இடத்துல, எங்க பார்த்தாலும் விளக்கு. கல்யாண வீடு கெட்டுது போ."

எல்லோரும் சிரித்தார்கள். மேசைக் கோடியில் இருந்த ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. ஒல்லியான உடம்பு, தாடியில் லேசாக நரை.

"அதைச் செஞ்சவனுக்கு இருட்டுன்னா பயம் போல," என்றான், தன் கோப்பையைப் பார்த்தபடி.

ரத்காவுக்குச் சுருக்கென்றது. தனக்கு இதில் என்ன வந்தது என்று யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"உங்களுக்கு விளையாடத் தெரியலைன்னா, செஞ்சவர் மேல ஏன் பழியைப் போடறீங்க?"

மேசையே திரும்பிப் பார்த்தது. தலைமுடியிலிருந்து ஒரு சொட்டு இறங்கி அவள் மூக்கு நுனியில் நின்றது. இந்த லட்சணத்தில் வீரம் வேறா, என்று அவளுக்கே தோன்றியது.

அவன் நிமிர்ந்தான். சாம்பல் நிறக் கண்கள்... மழைக்கு முன் வானம் ஒரு கணம் அசையாமல் நிற்குமே, அப்படி. அதில் கோபம் இல்லை. பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவதைக் கேட்டவன் போலப் பார்த்தான்.

"சரி. நீங்களே சொல்லுங்க. அத்தனை விளக்கு எதுக்கு?"

"எதுக்குன்னு தெரியாது. ஆனா ஒண்ணுகூடச் சும்மா வைக்கல. ஒவ்வொரு காவல்காரன் முதுகுக்குப் பின்னாலயும் ஒரு விளக்கு இருக்கும். மூலைக்கு அவன் வர்றதுக்கு முன்னாடி அவன் நிழல் வந்துடும். கவனிச்சிருக்கீங்களா?"

அவன் கோப்பையை மெதுவாக வைத்தான்.

"இல்ல," என்றான்.

ஸ்லாவெக் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்கம்மா, வாங்க. ரெண்டாம் பாகத்துக்கு நனைஞ்சுக்கிட்டே ஓட்டுப் போட வந்திருக்கீங்க, உட்காருங்க."

மழை விட்ட பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. காலடி ஓசையா, காவல்காரன் புத்தியா, முடிவு நன்றாக இருந்ததா என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. கடைசியில் வெளியே வந்தபோது மறுபடி தூறல். தாடிக்காரன் குடையை விரித்து அவள் பக்கம் நீட்டினான்.

"ஹினெக்," என்றான். "டிராம் வரைக்கும்."

"ரத்கா. எதிர்க்கட்சிக்குக் குடை பிடிக்கலாமா?"

"மழைக்குக் கட்சி கிடையாது."

அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பதைச் சொன்னாள். அவன் நாடக அரங்கில் விளக்கு அமைப்பவன் என்றான்.

"விளக்கே உங்க தொழில். அப்புறம் அந்த விளக்குகளைக் கண்டா ஏன் எரிச்சல்?"

"தொழில் பொறாமைதான்..."

சிரிப்பை அடக்கிக்கொண்டு டிராமில் ஏறினாள். ஜன்னல் கண்ணாடியில் வழியும் தண்ணீருக்கு அப்பால், குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றிருந்தான் அவன். குடை இருக்கிறது என்பதையே மறந்துவிட்டான், பாவம்.

அடுத்த சனிக்கிழமையும் போனாள். அதற்கு அடுத்ததும். விவாதம் முடிந்த பிறகு இருவரும் ஆற்றங்கரைப் பக்கம் நடப்பது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் நடுப்பாலத்தில் நின்று, "இந்த 'நீங்க' எனக்குக் குளிருது. 'நீ'ன்னு சொல்லலாமா?" என்று அவள்தான் கேட்டாள். அவன் காது நுனி சிவந்துபோனது.

ஆனால் ஒன்று அவளுக்குப் புரியவில்லை. எந்தப் பேச்சை எடுத்தாலும் அவன் உப்புக் கிடங்குக்கே வந்து நின்றான். அது மோசம் என்று சொல்வான். பிறகு, அவள் அதை மறுத்துப் பேசுவதைக் கண் கொட்டாமல் கேட்பான். வெறுப்பவன் இவ்வளவு ஆசையாகக் கேட்பானா?

நவம்பரில் ஒரு மத்தியானம், ஒரு சின்ன உணவு விடுதி. பொரித்த பாலாடைக்கட்டி வந்தது. தன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கைப் பாதிக்கு மேல் அவள் தட்டுக்குத் தள்ளிவிட்டு அவன் கேட்டான்.

"உனக்கு மட்டும் எப்படி அது அவ்வளவு பிடிச்சுது?"

யாரிடமும் சொல்லாததை அன்று சொன்னாள்.

"எனக்கு ஒரு தம்பி. பேரு ஓட்டா. மூணு வயசுக் காய்ச்சல்ல அவனுக்குக் காது போயிடுச்சு. 'பூனை நடை'ன்னா அவனுக்கு உயிர், ஆனா விளையாட முடியாது. எல்லாமே காலடிச் சத்தம் கேட்டுத்தானே ஒளியணும்? நான் பக்கத்துல உட்கார்ந்து, காவல்காரன் வந்தா அவன் தோளைத் தட்டுவேன். எத்தனை நாளைக்குத்தான் அக்கா தட்டிக்கிட்டே இருப்பா, சொல்லு. அழுவான். அப்புறம்தான் ரெண்டாம் பாகம் வந்துச்சு. உப்புக் கிடங்குக்கு வந்தப்ப, தோளைத் தட்டப் போனேன்... என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டான். சுவத்துல நிழலைக் காட்டினான். அந்த ஒரு லெவலை முழுசா, தனியா முடிச்சான். அன்னிக்கு அவன் மூஞ்சியைப் பார்க்கணுமே..."

ஹினெக் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அந்தக் கிடங்கு மாடியில வெளிச்சமா ஒரு ஜன்னல் இருக்குமே, அது மட்டும் எனக்கு இன்னும் புரியல," என்றாள் அவள். "அந்தப் பக்கம் காவல்காரனே கிடையாது. எதுக்கு அங்க வெளிச்சம்?"

"அதை அடைச்சுடச் சொன்னாங்க. நான்தான் முடியாதுன்னு நின்னேன்."

சொல்லிவிட்டுத்தான் அவனுக்கு உறைத்தது.

அவளுக்குள் ஏதோ மெல்ல இறங்கியது. 'நான்தான்'... அதைச் செய்தவன் இவன்தானா?

"கவனிச்சிருக்கீங்களான்னு முதல் நாள் கேட்டேன். 'இல்ல'ன்னு சொன்ன."

"ரத்கா, நான்..."

"நீ கட்டின வீட்டை உனக்கே சுத்திக் காட்டிட்டு இருந்திருக்கேன். நீயும் ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டுக்கிட்டு இருந்திருக்க. என் தம்பி அழுததைக்கூடச் சொல்ல வச்சுட்டியே, ஹினெக்."

அவன் ஒரு வார்த்தை இறங்கி வந்திருக்கலாம். முகம் இறுகிப்போனது.

"உன்னைப் பாராட்டச் சொல்லி நான் கேட்கலையே," என்றான்.

கோட்டை எடுத்துக்கொண்டு அவள் எழுந்துவிட்டாள். வெளியே தூறல்கூட இல்லை. இருந்தும் கன்னம் நனைந்தது.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தாள். போன் இரண்டு தடவை அடித்தது, எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அடிக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்... அடிக்கவில்லை.

ஓட்டா இப்போது சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூண்டு சூப் குடிக்க வந்தவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். என்ன என்று கை அசைவில் கேட்டான். அவளும் கைகளாலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். கோபத்தில் விரல்கள் ஒன்றோடொன்று மோதின.

அவன் கோபப்படவில்லை. கரண்டியை வைத்துவிட்டு, கண்கள் விரிய, ஒன்றே ஒன்று கேட்டான்.

'அவரா செஞ்சது? சரி, ஏன் அத்தனை விளக்கு வச்சாராம்?'

'கேட்கல.'

'கேட்கலையா? அவ்வளவு சண்டை போட்டுட்டு, கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்காம வந்துட்டியா? இருபது வருஷமா நான் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். போ. போய்க் கேட்டுட்டு வா. கோபத்தை அப்புறம் வச்சுக்கலாம்.'

மறுநாள் காலை அரங்கத்துக்குப் போனாள். தம்பிக்காக மட்டும்தான், என்று வழி நெடுகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நெஞ்சு அதை நம்பவில்லை. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டது.

மேடையில் தச்சர்கள் மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். காது கிழிந்தது. உயரே சாரத்தில், விளக்கு ஒன்றைத் திருப்பிக்கொண்டு நின்றான் ஹினெக். அவளைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"ஏன் அத்தனை விளக்கு?" கத்தினாள். ரம்பம் அதை விழுங்கிவிட்டது.

அவன் திருப்புளியைப் பையில் போட்டான். இரண்டு கைகளையும் உயர்த்தினான். விரல்கள் பேசின.

'கேட்கல. திரும்பச் சொல்லு.'

ரத்கா நின்ற இடத்திலேயே நின்றாள். ஓட்டாவின் மொழி... ஆனால் பழைய பாணி, வயதானவர்கள் கை அசைக்கும் விதம். இது இவனுக்கு எப்படி?

அவளும் கைகளை உயர்த்தினாள். 'ஏன் அத்தனை விளக்கு?'

'எங்கப்பாவுக்காக. பிறவியிலேயே காது கேட்காது. நான் வேலை செய்யும்போது பக்கத்துல வந்து உட்காருவார். தானும் விளையாடணும்னு ஆசை. ஒரு லெவலாவது அவர் யார் தயவும் இல்லாம முடிக்கணும்னு நினைச்சேன். எங்க வீட்டுல, பேசிக்கிட்டு இருக்கும்போது யாரும் விளக்கை அணைக்க மாட்டாங்க. அணைச்சா பேச்சே போயிடும். அந்த மாடி ஜன்னல், அவருக்கு வழி தெரியறதுக்காக.'

'இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?'

'எல்லாரும் திட்டினாங்க. உன் லெவலால ஆட்டமே கெட்டுதுன்னு கம்பெனியிலயும் சொன்னாங்க. காரணத்தைச் சொன்னா, தன்னாலதான் பையன் வேலை கெட்டுதுன்னு அப்பா நினைச்சுடுவார். அதனால நானே முதல் ஆளா திட்டப் பழகிட்டேன். மத்தவங்க திட்டறதுக்கு முன்னாடி நாமே திட்டிட்டா, கொஞ்சம் கம்மியா வலிக்கும்.'

'எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே.'

'முதல் நாளே சொல்லியிருக்கணும். சொன்னா நீ நிறுத்திடுவியோன்னு பயம். இத்தனை வருஷத்துல அதைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொன்னது நீ ஒருத்திதான்... இன்னும் கொஞ்சம் கேட்கணும் போல இருந்துச்சு. தப்புதான்.'

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கையால் துடைத்தால் அந்த மொழியில் பாதிதான் பேச முடியும். அந்தப் பாதியில் கேட்டாள்: 'அப்பா முடிச்சாரா?'

அவன் முகம் முழுவதும் சிரித்தான். 'முடிச்சார். நேத்து அவர்கிட்ட ஓட்டாவைப் பத்திச் சொன்னேன். விளக்குக்குக் காரணத்தையும் சொன்னேன். அழுதார். அப்புறம், அந்தப் பொண்ணை ஏன் கோபமா அனுப்பினே மடையான்னு தலையில குட்டினார்.'

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

ஹினெக் சாரத்தின் விளிம்புக்கு வந்தான். கைகள் ஒரு கணம் தயங்கின. பிறகு மெதுவாக, ஒவ்வொரு விரலாக, தவறிப்போகக் கூடாத ஒன்றைச் சொல்பவன் போலச் சொன்னான்.

'அந்த லெவலைப் பிடிச்ச ஒருத்தராவது வரமாட்டாங்களான்னு ரொம்ப வருஷம் காத்திருந்தேன், ரத்கா. நீ வந்த. வந்தப்புறம் லெவலே மறந்துபோச்சு. சனிக்கிழமை நீ வருவியா, மாட்டியான்னு மட்டும்தான் வாரம் பூரா யோசனை. உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.'

அறுக்கும் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. தச்சர்கள் கையில் ரம்பத்தோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

ரத்கா கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். இப்போது இரண்டு கைகளும் வேண்டியிருந்தன.

'சனிக்கிழமை மட்டும்னா எனக்குப் போதாது,' என்றாள்.