வெப்கேம் மங்கிய மதியம்

மோதிரம் காணாமல் போனதை முதலில் கண்டவள் ஹாங்காங்கில் இருந்தாள்.

"பெர்லி! அம்மா விரல்ல மோதிரம் எங்கே?" மடிக்கணினிக்குள்ளிருந்து எர்லிண்டாவின் குரல் கிறீச்சிட்டது. "நான் முதல் சம்பளத்துல வாங்கிக் கொடுத்தது. நாளைக்கு அடக்கத்துக்கு முன்னாடி கழட்டி எனக்கு அனுப்பறதா சொன்னீங்களே!"

பெர்லிட்டா திரும்பினாள். சவப்பெட்டியின் கண்ணாடி மூடிக்குக் கீழே எர்லிண்டாவின் தாய் நானாய் கொன்சிங், ஜெபமாலை சுற்றிய கைகளோடு படுத்திருந்தாள். மோதிர விரல் வெறுமையாக இருந்தது. அதைச் சுற்றி லேசாகப் பச்சை பாய்ந்திருந்தது. மருந்தேற்றிய உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பெர்லிட்டா டுமகெட்டே நகரக் காவல் நிலையத்துப் போலீஸ்காரி, இறந்தவளின் ஞானமகள். வீட்டுவேலைக்குப் போன இடத்தில் எர்லிண்டாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. தாயின் முகத்தையாவது பார்க்கட்டும் என்று, கடையில் இருந்ததிலேயே மலிவான வெப்கேமை நேற்று பெர்லிட்டாதான் வாங்கி வந்து மாட்டினாள். படம் வரவில்லை. வேறு துளையில் செருகினாள், கணினியை அணைத்துப் போட்டாள், அனுமதி கேட்ட இடத்தில் 'சரி' என்றாள். ஒருவழியாக வந்த படமும் பனிமூட்டமாக இருந்தது. எர்லிண்டாவின் தம்பி ரெனாட்டோதான் சிரித்துக்கொண்டே வந்து லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருகினான்.

"போலீஸ் மேடம், இந்த விலைக்கு இது தானா ஃபோகஸ் பண்ணுமா? பாட்டில் மூடி மாதிரி நீங்கதான் திருகணும்."

இன்று மதியம், எல்லோரும் வெளியே கூடாரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது படம் மறுபடி மங்கியது. பெர்லிட்டா ஓடி வந்து கம்பியைப் பிடுங்கிச் செருகிப் பார்த்து, கடைசியில் வளையத்தைத் திருகினாள். தெளிந்தது. தெளிந்ததும்தான் இந்த அலறல்.

"நான் வர்றதுக்கு முன்னாடி உள்ளே யார் இருந்தது?"

"நான்தான், இண்டாய், மகளே," என்றாள் மானாங் பெலிங். தெருவே 'மானாங்', அக்கா, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு விதவை. படுக்கையில் கிடந்த நானாயைக் கடைசி வரை கூலி வாங்காமல் பார்த்துக்கொண்டவள். "எர்லிண்டா 'அம்மா தெரியலை'ன்னு கத்துச்சு. கேமரா கண்ணாடி அழுக்கோன்னு துடைச்சேன்."

"துடைச்சீங்களா, திருகினீங்களா?"

"திருகறதா? எதை?"

"பையைக் காட்டுங்க."

கூடாரத்துச் சீட்டாட்டத்தை விட்டுவிட்டு ஆட்கள் வாசலில் கூடினார்கள். "அதான் கூலி வாங்காம பார்த்துக்கிட்டாளா!" என்றது ஒரு குரல்.

பெர்லிட்டா பையைக் கவிழ்த்தாள். ஜெபமாலை, மூக்குக்கண்ணாடி, ஈரத்துணி, பிழிந்த எலுமிச்சை மூடிகள். மோதிரம் இல்லை. சாவு வீட்டைப் பெருக்கக் கூடாது என்பதால் தரையெல்லாம் சீட்டாடுபவர்கள் கொறித்துத் துப்பிய தர்பூசணி விதைத் தோல். அதற்குள் ஒரு மூடி உருண்டு ஓடியது.

"எலுமிச்சை எதுக்கு?"

"கை துடைக்க."

"யார் கையை?"

மானாங் பெலிங் கூட்டத்தில் நின்ற ரெனாட்டோவை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பார்வை பெர்லிட்டாவின் நெஞ்சில் தைத்தது. குற்றவாளி அப்படிப் பார்ப்பதில்லை. போன மாதம் நலம் விசாரிக்க வந்தபோது, நோயாளியின் ஒரே ஒரு விரலை மட்டும் மானாங் எலுமிச்சை போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அவள் மெல்லக் கணினியின் பக்கம் குனிந்தாள்.

"எர்லி, மானாங் துடைக்க வந்தப்போ உனக்கு என்ன தெரிஞ்சுது?"

"அவங்க கைதான். கட்டைவிரல்ல இருக்கற தீக்காயத் தழும்புகூடப் பளிச்சுனு தெரிஞ்சுது. பின்னாடி அம்மாதான் தெரியலை."

பெர்லிட்டா நிமிர்ந்தாள்.

"அழுக்கா இருந்தா கையும் மங்கியிருக்கும். எடுக்கறதை எர்லி பார்க்கக் கூடாதுன்னு, மானாங் தொடறதுக்கு முன்னாடியே யாரோ வளையத்தைக் கிட்டப் பார்வைக்குத் திருகிட்டாங்க. கம்பியைப் பிடுங்கினா எர்லி உடனே போன் போடுவா. மங்கினா, மலிவு கேமரான்னு விட்டுருவோம். அதைத் திருகத் தெரிஞ்சவங்க இந்த வீட்ல ரெண்டே பேர். ஒருத்தி நான்."

பெர்லிட்டா சவப்பெட்டிப் பக்கம் திரும்பி அந்த வெறும் விரலைக் காட்டினாள்.

"தங்கம் விரலைப் பச்சையாக்காது. பித்தளைதான் ஆக்கும். அந்தப் பச்சையை எலுமிச்சை போட்டுத் துடைச்ச மானாங்குக்கு அது தெரியும். பித்தளைன்னு தெரிஞ்சு யார் திருடுவா? வெளியே தெரிஞ்சா தலைகுனிய வேண்டியவன்தான் எடுப்பான். நாளைக்கு அது அக்கா கைக்குப் போயிருக்கும். டோங் ரெனாட்டோ, தம்பி, எடு."

ரெனாட்டோ காலுறைக்குள்ளிருந்து எடுத்து சவப்பெட்டிக் கண்ணாடி மேல் வைத்தான். "சேவல் பந்தயத்துல போச்சுக்கா. போன்லேயே பந்தயம் கட்டினேன். தங்கத்தை வித்துட்டு, அம்மா தூங்கறப்போ பித்தளையை மாட்டிட்டேன்."

ஹாங்காங்கில் எர்லிண்டா திரைக்கு நெருங்கி வந்தாள். பிறகு, "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றாள் மானாங் பெலிங். "'பையன் தானா வந்து சொல்வான், அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே'ன்னுச்சு. காத்துக்கிட்டே இருந்துச்சு."

ரெனாட்டோ சுவரோரம் சரிந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். மானாங் அவன் தலையில் கை வைத்தாள்.

"இன்னொரு திருட்டும் நடந்திருக்கு," என்றாள் பெர்லிட்டா, வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. "இத்தனை பேர் முன்னாடி மானாங்கோட நல்ல பேரை எடுத்தவ நான். மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தாச்சு. இதை எப்படிக் கொடுக்கறதுன்னு எனக்குத் தெரியலை."

அவள் மண்டியிட்டாள். ஜெபமாலை, கண்ணாடி, துணி என்று ஒவ்வொன்றாகப் பையில் வைத்தாள். ஓடிப்போன எலுமிச்சை மூடியை விதைத் தோல்களுக்குள் கையால் துழாவினாள். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை.

"விடு, இண்டாய். வீட்ல வேற இருக்கு," என்றாள் மானாங்.

"மானாங்," என்று கணினி அழைத்தது. "உங்க முகத்தைப் பார்க்கணும். வாங்க."

மானாங் பெலிங் கேமராவுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய்க் குனிந்தாள். திரையில் ஒரு மங்கல் மட்டும் நிறைந்தது.

"அங்கே இல்லை, மானாங். தள்ளிப் போங்க. அம்மா பக்கத்துல நில்லுங்க."

மானாங் தயங்கித் தயங்கிப் பின்னால் போய், மகள் நிற்க வேண்டிய இடத்தில், சவப்பெட்டியைத் தொட்டபடி நின்றாள்.

"இப்போ தெரியுது," என்றாள் எர்லிண்டா.

பெர்லிட்டா தரையில் இன்னமும் அந்த ஒற்றை மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.