முப்பது வயது ஒலோரோசோ

பூனை செத்துக் கிடந்தது.

நான்கு கால்களும் விறைத்து, வாயோரம் நுரை காய்ந்து... பீப்பாய் வரிசைக்குக் கீழே, ஈர மணலில்.

லெயாந்த்ரோ குனிந்து பார்த்தான். புன்னகைத்தான்.

மருந்து வேலை செய்கிறது!

திராட்சைத் தோட்டத்துக்கு அப்பா காலத்தில் வாங்கிய பூச்சிமருந்து. பச்சை டப்பா. ஒரு துளியை மத்தி மீனில் தடவி வைத்திருந்தான். அவ்வளவுதான்.

அது நேற்றுக் காலை. அக்கா எலாதியா பூனையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். புதைக்கத்தான் இருக்கும்.

இன்று அக்காவின் முறை.

ஒயினுக்குப் பேர்போன ஹெரெஸ் நகரத்தில் மூன்று நாளாகக் கீழைக்காற்று. இந்தக் காற்று அடித்தால் நல்லவனுக்கே கிறுக்குப் பிடிக்கும் என்பார்கள். லெயாந்த்ரோ நல்லவனும் இல்லை.

கிடங்குக்குள் நுழைந்தான். ஜன்னல்களில் கோரைத் தட்டி. உள்ளே அரை இருட்டு. மூன்றடுக்காகக் கறுப்புப் பீப்பாய்கள், உள்ளே ஒலோரோசோ ஒயின். அவற்றின் நடுவே எலாதியா நின்றிருந்தாள். கிடங்குக்குத் தலைவி அவள்தான். வியாபாரம் மட்டும் தம்பி வசம். அதிலேயே அவன் கை வைத்துவிட்டான்.

"வாடா. சாப்பிட்டியா?"

"பசிக்கலைக்கா. நாளைக்கு முத்திரை குடுக்க ருசி பாக்கற குழு வருதே... அவங்ககிட்ட சொல்லத்தான் போறியா?"

"சொல்லாம? தரையோரப் பீப்பாய்ல மூக்கை வெச்சேன். முப்பது வயசுக் கிழவன் தூங்க வேண்டிய இடத்துல, மீசை முளைக்காத பொடியன் தூங்கறான்."

"மூக்கு தப்பு பண்ணலாம்."

"நீ ஸ்கூல் படிக்கறப்போ சிகரெட் குடிச்சதைத் தெருமுனையிலேயே கண்டுபிடிச்ச மூக்குடா இது."

லெயாந்த்ரோ சிரிக்க முயன்றான். வரவில்லை.

"ஒரு லிட்டர் வெளியே போனா முப்பது லிட்டர் உள்ளே இருக்கணும்" என்றாள் எலாதியா. "அப்பதான் முப்பது வயசு முத்திரை. கீழ் அடுக்குலேர்ந்து கொஞ்சமா எடுக்கணும். எடுத்த அளவுக்கு மேல் அடுக்குலேர்ந்து ஊத்தணும். எந்தப் பீப்பாயையும் காலி பண்ணக் கூடாது. இந்த ஊர்ல குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"அக்கா..."

"நீ மொத்தத்தையும் உறிஞ்சி லாரியில ஏத்திட்டே. போன வருஷத்து ஒயினை ஊத்தி, இனிப்பைக் கலந்து கறுப்பாக்கி வெச்சிருக்கே. நாலு தலைமுறை சேர்த்து வெச்சதுடா."

"மாத்ரித் ஹோட்டல்காரன் அவசரப்பட்டான்."

"ஒலோரோசோ அவசரப்படாது."

முத்திரை போனால் கிடங்கின் பெயர் போகும். முத்திரை இல்லாத சரக்கை விற்றதற்கு ஹோட்டல்காரன் கேஸ் போடுவான். ஜெயில். மனைவி தன் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள்... லெயாந்த்ரோவின் சட்டைப்பைக்குள் சின்னக் குப்பி உறுத்தியது.

எலாதியா அவன் தோளைத் தொட்டாள்.

"இன்னிக்கே நீயாப் போய் உண்மையைச் சொல்லிடு. நானும் கூட வர்றேன். தப்பைத் தானா ஒத்துக்கிட்டவனை இந்த ஊர் மன்னிக்கும். என்ன சொல்றே?"

ஒரு கணம்... ஒரே ஒரு கணம் அவன் தடுமாறினான்.

பிறகு, "சரிக்கா" என்றான். "சாயங்காலம் போகலாம். அதுக்கு முன்னாடி ஒரு வாய் குடிப்போம். இன்னிக்கு சான் மத்தேயோ திருநாள், அந்தப் புனிதர் பேருதான் அப்பாவுக்கு. நீ வழக்கம்போல மோந்து பாத்துட்டுத் திருப்பிக் கொட்டக் கூடாது. முழுங்கணும்."

கிடங்கில் எலாதியா ஒரு சொட்டுக்கூட முழுங்கமாட்டாள். மூக்குதான் அவள் தொழில். அவள் தம்பியையே பார்த்தாள். கண்ணில் என்ன இருந்தது என்று அவனுக்குப் புரியவில்லை.

"நீ ஊத்திக் குடுத்தா முழுங்கறேன்."

நீளக் காம்புக் குவளையைப் பீப்பாயின் வாய்க்குள் இறக்கினான். கறுத்த ஒயின் வந்தது. மூலை மேசைக்குப் போய் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். இரண்டு சின்னக் கண்ணாடிக் கோப்பைகள்.

தன்னுடையதில் கொஞ்சமாக ஊற்றினான்.

அவளுடையதில் குப்பியைக் கவிழ்த்துவிட்டு விளிம்பு வரை ரொப்பினான். கோப்பையில் இடம் இருந்தால்தானே வாசனை தங்கும்? மூக்குக்காரிக்கு இடமே கொடுக்கக் கூடாது.

"யாருடா கோப்பையை இப்படி ரொப்புவாங்க?" என்றாள் எலாதியா. "டீக்கடையா நடத்தறே?"

"அப்பா பேர்ல குடிக்கறோம். கஞ்சத்தனம் வேண்டாம்னு."

அவள் கோப்பையைத் தூக்கினாள். உதடு வரை கொண்டுபோனாள்.

ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்...!

கிடங்கின் மறுகோடியில் ஆபீஸ் டெலிபோன். இந்தத் தடிச் சுவர்களுக்குள் செல்போன் எடுக்காது.

"போய் எடு. அந்தக் குழுவா இருக்கப்போவுது."

லெயாந்த்ரோவுக்கு உள்ளூர சந்தோஷம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது! அவள் சாகும்போது அவன் பக்கத்தில் இல்லை. விறுவிறுவென்று நடந்தான். ரிசீவரை எடுத்தான்.

"ஹலோ?"

மூச்சு விடும் சத்தம் மட்டும்.

"ஹலோ... யாரு?"

டக். லைன் கட்.

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். வெளியே காற்று கதவைப் பிராண்டியது. போதும் என்று தோன்றியதும் திரும்பினான்.

எலாதியா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவள் கோப்பை காலி!

"குடிச்சிட்டியா?"

"நீ முழுங்கச் சொன்னியே. யாரு போன்ல?"

"ராங் நம்பர்."

"உன் கோப்பை அப்படியே இருக்கு பாரு. அப்பாவுக்காக."

சந்தோஷமாக எடுத்தான். ஒரே மடக்கு.

ஒயின் தொண்டையைத் தாண்டியது... அப்போதுதான் அது மூக்கில் ஏறியது.

பூண்டு வாசனை.

பச்சை டப்பாவைத் திறந்தபோது வந்த அதே வாசனை!

"என்னடா, பூண்டு வாசனை வருதா?" எலாதியா நிதானமாகக் கேட்டாள். "நேத்து பூனையோட வாயிலயும் இதேதான் வந்துது."

கோப்பை அவன் கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது.

"அக்கா... கோப்பையை மாத்திட்டியா?"

அவள் தன் காலிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினாள்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். வயிற்றுக்குள் நெருப்பு எரிந்தது. கண் இருட்டியது.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடு... அக்கா, உன் கால்ல விழறேன்..."

"கூப்பிடறேன். டாக்டர் கேப்பாரே, என்ன குடிச்சான்னு. நான் என்ன சொல்ல?"

"தோட்டத்து மருந்து... பச்சை டப்பா... என் கார் டிக்கியில இருக்கு... உன் கோப்பையிலதான் கலந்தேன்! பூனைக்கும் நான்தான் வெச்சேன்! சீக்கிரம் சொல்லுக்கா, செத்துடுவேன்!"

"சாக மாட்டீங்க லெயாந்த்ரோ சார். எந்திரிங்க."

பீப்பாய்களுக்குப் பின்னாலிருந்து ஒருவர் வந்தார். சப்-இன்ஸ்பெக்டர் பாஸ்குவால். ஒரு கையில் ரெக்கார்டர். மறு கையில் மூடி போட்ட பாட்டில். அதில் கறுத்த ஒயின்.

"உங்க அக்காவுக்கு ஊத்தினது இதுல இருக்கு. நீங்க குடிச்சது சுத்தமான ஒயின்."

"ஆனா... வாசனை..."

"விளிம்புல ஒரு பூண்டுப் பல்லைத் தேய்ச்சேன்" என்றாள் எலாதியா. "நேத்து பூனையை மாட்டு டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். விஷம்னார். நேரா ஸ்டேஷனுக்குப் போய், தம்பி எனக்கு ஏதாவது ஊத்திக் குடுத்தா கவனிங்கன்னேன். இவர் முழுசா நம்பலை. நானும் நம்பலைடா... நீ கோப்பையை ரொப்பற வரைக்கும். இந்த ஊர்ல பிறந்தவன் மூக்குக்கு இடம் விடாம ஊத்த மாட்டான். வாசனையை மறைக்கணும்னாத்தான் ஊத்துவான்."

அவள் குரல் உடைந்தது. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. முந்தானை இருந்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருப்பாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லெயாந்த்ரோ எழுந்தான். வயிற்று நெருப்பு போன இடம் தெரியவில்லை.

"போன் பண்ணினது?"

"என் கான்ஸ்டபிள், முற்றத்துலேர்ந்து. தட்டி இடுக்குல பார்த்துட்டு, மேடம் கோப்பையைத் தூக்கினதும் அடின்னு சொல்லியிருந்தேன்." பாஸ்குவால் விலங்கை மாட்டினார். "போலாமா?"

வாசலில் லெயாந்த்ரோ நின்றான். வெயிலும் புழுதியும் முகத்தில் அறைந்தன.

"எத்தனை வருஷம் போடுவாங்க?"

"அது ஜட்ஜ் பாடு."

உள்ளேயிருந்து எலாதியாவின் குரல் வந்தது.

"எத்தனை போட்டாலும் முழுசா உள்ளேயே இருக்கணும்டா. பாதியில வெளியே வந்துட்டு, உன் இடத்துல ஒரு பொடியனை ஊத்தி வைக்கறதெல்லாம் அங்கே நடக்காது!"