லோட்டேயின் ஆறு முட்டைகள்

"அம்மா! கதவைத் திறவுங்கோ! கெதியா!"

குமுதினி இரண்டிரண்டு படியாகத் தாவி மாடி ஏறினாள். அவள் வகுப்புத் தோழி சபீனே மூச்சு வாங்கப் பின்னால் வந்தாள். சபீனேயின் கையில் ஒரு கம்பளித் தொப்பி இருந்தது. தொப்பிக்குள் ஆறு முட்டைகள்.

கதவைத் திறந்த அம்மா முட்டைகளைப் பார்க்கவில்லை. சபீனேயின் காலைத்தான் பார்த்தார்.

"சப்பாத்தைக் கழட்டச் சொல்லு, பிள்ளை. சப்பாத்தோட ஒருத்தரும் என்ர வீட்டுக்குள்ள வரேலாது."

ஜேர்மனியின் எசன் நகரத்தில் மற்றவர்கள் எப்படியும் நடக்கட்டும். புஸ்பவதி அம்மாவின் வீட்டுச் சட்டம் இதுதான்.

சபீனே சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஜேர்மன் மொழியில் படபடவென்று சொன்னாள். அவர்கள் தோட்டத்துக்குள் நரி புகுந்துவிட்டது. சேவலும் இல்லை, கோழிகளும் இல்லை. கால் விரல்வரை இறகு முளைத்த அவளுடைய செல்லக் கோழி லோட்டேயும் போய்விட்டது. மிச்சம் லோட்டே இட்ட இந்த ஆறு முட்டைகள்தான்.

"இதில் கேக் செய்யலாம் என்று சொல்கிறார் எங்கள் அம்மா!" சபீனேயின் கண் கலங்கியது.

"கேக்கும் வேண்டாம், அழுகையும் வேண்டாம். நாங்கள் குஞ்சு பொரிக்க வைப்போம்!" என்றாள் குமுதினி.

"அடைகாக்கக் கோழி இல்லையே?"

"அப்பா இருக்கிறாரே!"

குமுதினியின் அப்பா முட்டைகளின் மேல் உட்கார்ந்திருப்பதாக நினைத்த சபீனே, அழுகையை மறந்து சிரித்துவிட்டாள்.

அப்பா யாழ்ப்பாணத்தில் வானொலி திருத்தியவர். இங்கே வேலை செய்ய அவருக்கு இன்னும் அனுமதி வரவில்லை. வீட்டில் கழற்றிப் பூட்ட எதுவும் மிச்சமில்லாமல் கை துறுதுறுக்க உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மீன் கடைக்கு ஓடினார். ஐஸ் போட்டு மீன் அடுக்கும் வெள்ளை நுரைப்பெட்டி ஒன்றோடு திரும்பினார்.

"சூட்டை வெளியில விடாது, பாருங்கோ!"

பெட்டிக்குள் ஒரு மின்குமிழ், ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு வெப்பமானி. சூடு முப்பத்தெட்டுப் பாகையில் நிற்க வேண்டும். நாற்பத்திரண்டுக்கு ஏறியது!

"அப்பா, இன்னொரு ஓட்டை போடுவமோ?" குமுதினி பேனையால் குத்தினாள். முப்பத்தெட்டு! தோழிகள் இருவரும் துள்ளிக் குதித்தார்கள்.

முட்டைகளின் ஒரு பக்கம் வட்டமும் மறுபக்கம் பெருக்கல் குறியும் பென்சிலால் போட்டார்கள். நாளுக்கு மூன்று தரம் மறக்காமல் திருப்ப வேண்டுமே! சாமித்தட்டுக்குப் பக்கத்தில்தான் மின்சாரம் எடுக்க இடம் இருந்தது. பெட்டியும் அங்கேயே இருந்தது.

எட்டாம் நாள் சித்திரை வருசப் பிறப்பு. குஞ்சு வளருகிறதா என அன்று முட்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கலாம் என்று இருவரும் பள்ளியிலிருந்து பறந்து வந்தார்கள்.

பெட்டியைக் காணவில்லை!

"பல்கனியில இருக்கு," என்றார் அம்மா. "சாமிக்குப் பொங்கல் படைக்கேக்க பக்கத்தில மீன் பெட்டி, முட்டை எண்டு மச்சச் சாமான் இருக்கேலுமோ? காலமை பத்து மணிக்கு வெளியில வைச்சனான்."

இப்போது ஒரு மணி. வெளியே குளிர் காற்று வீசியது.

குமுதினி மூடியைத் திறந்தாள். குமிழ் அணைந்திருந்தது. முட்டைகள் ஆறிப்போயிருந்தன. சபீனே வாயைப் பொத்திக்கொண்டாள். குமுதினிக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அம்மாவின் முகம் சுருங்கிப்போயிருந்தது.

"கொஞ்ச நேரம்தானே எண்டு நினைச்சன் பிள்ளை..."

குமுதினி கோபத்தை விழுங்கிவிட்டு யோசித்தாள்.

"சபீனே, முன்பு அடைகாத்தபோது லோட்டே தீன் தின்ன எழும்பிப் போவாளா?"

"தினமும் போவாள்."

"அப்போதும் முட்டை ஆறும்தானே? வா!"

பெட்டியை உள்ளே தூக்கி வந்து குமிழை ஏற்றினாள். சூடு ஏறியதும் திரைச்சீலையை இழுத்து மூடி, ஒரு முட்டைக்குப் பின்னால் டோர்ச் அடித்தாள்.

உள்ளே சிவப்பு நூல் நூலாக நரம்புகள். நடுவில் ஒரு சின்னப் புள்ளி. அது துடித்தது!

"உயிரோடு இருக்கிறது!" சபீனே கத்தினாள்.

"அம்மா, ஓடி வாங்கோ! நீங்களும் பாருங்கோ!"

அம்மா குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது மச்சமில்லை, பிள்ளை. இது பிள்ளை," என்றார்.

ஆறில் ஐந்து துடித்தன. அன்றிலிருந்து முட்டை திருப்பும் வேலையை அம்மா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இருபத்தோராம் நாள் அவர்கள் பள்ளியிலிருந்து வந்தபோது, அம்மா வாசலிலேயே விரலை உதட்டில் வைத்தபடி நின்றார்.

"சத்தம் போடாதேங்கோ. வந்திட்டினம்!"

பெட்டிக்குள் கீச் கீச்சென்று ஐந்து குஞ்சுகள்! அம்மா ஒன்றை எடுத்து சபீனேயின் கையில் வைத்தார். அதன் கால்களில், விரல்வரை மஞ்சள் பஞ்சு.

"லோட்டேயின் கால்! லோட்டேயின் அதே கால்!" சபீனே சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகவே செய்தாள்.

அம்மாவும் அந்தக் கால்களை உற்றுப் பார்த்தார்.

"சரி, சரி. இவையள் மட்டும் சப்பாத்தோட உள்ளுக்க இருக்கலாம்."