நான்கு மேசைகளில் வெள்ளைப் பக்கம்

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் நிரஞ்சலாவின் கடை இருந்தது. சுற்றுவட்டாரத்து அச்சகங்களில் கணினி எதுவும் மக்கர் செய்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். புதன்கிழமை பிற்பகல் அங்கே வந்த கஜேந்திரன் நனைந்த குடையை வாசலில் சாத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுக்குள்ள ஒரு செத்த ஃபைல் இருக்கு, தங்கச்சி. யார் கொன்னதுன்னு எனக்குத் தெரியும். நீங்க பாத்துட்டு ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

கஜேந்திரன் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீசில் நெடுங்காலம் கிளாக்கராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் பசறை வீதியில் மாலை வகுப்பு நடத்துகிறார். கல்யாணக் கார்டு, திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் போன்றவற்றைக் கணினியில் வடிவமைக்கப் பிள்ளைகள் அங்கே கற்கிறார்கள். பாடம் எடுப்பவள் யசோதினி. மென்பொருளோடு வரும் உதவிக் கோப்பு ஆங்கிலத்தில் இருந்ததால் பிள்ளைகள் அந்தப் பக்கமே போகவில்லை. அதைக் கண்ட யசோதினி, தமிழில் ஓர் உதவிக் கோப்பைத் தானே எழுதித் தயாரித்தாள். எழுத்து ஏன் கட்டம் கட்டமாக உடைகிறது, படம் அச்சில் ஏன் மங்குகிறது என்று தலைப்பைச் சொடுக்கினால் பதில் வரும்.

திங்கட்கிழமை மாலை, எட்டுக் கணினிகளில் நான்கில் பதில்கள் காணாமல் போயிருந்தன. இடப்பக்கத்தில் தலைப்புகள் வரிசையாக இருந்தன. எதைச் சொடுக்கினாலும் வலப்பக்கம் வெறும் வெள்ளை.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை யசோதினிக்கும் கஜேந்திரனுக்கும் வாக்குவாதம் நடந்திருந்தது. கோப்பின் முதற்பக்கத்தில் தன் பெயரைப் போட வேண்டும் என்று யசோதினி கேட்டாள். வகுப்பின் பெயர் மட்டும் போதும் என்றார் கஜேந்திரன். அப்படியானால் அந்தக் கோப்பே இருக்க வேண்டாம் என்று அவள் கோபத்தில் சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை முதலில் கதவைத் திறந்தவளும் அவள்தான். கஜேந்திரன் பிள்ளைகள் முன்னால் அவளை எழுப்பி நிறுத்திக் கேட்டார். அவள் மறுத்தாள். அவர் நம்பவில்லை.

இப்போது பண்டாரவளையில் ஒரு பயிற்சி நிலையம் யசோதினியை முழுநேர வேலைக்கு எடுக்கப் பார்க்கிறது. ஆள் எப்படி என்று கஜேந்திரனைக் கேட்டிருந்தார்கள். இன்று மாலைக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும். கோபம் வந்தால் கணினியில் கைவைப்பவள் என்று அவர் சொல்லிவிட்டால் அந்த வேலை போய்விடும். அதோடு இந்தப் பக்கத்தில் வேறு எவரும் அவளை ஒரு கணினிக்கு முன்னால் உட்காரவிட மாட்டார்கள்.

நிரஞ்சலாவோடு தொழில் செய்யும் ஜேசன் அதற்குள் பென் டிரைவைச் செருகிக் கோப்பைத் திறந்திருந்தான்.

"அக்கா, செத்த ஃபைல் நல்லா மூச்சு விடுது."

கஜேந்திரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். எல்லாப் பக்கங்களும் ஒழுங்காகத் திறந்தன. வகுப்பில் ஒன்றாம் மேசையிலிருந்து தானே பிரதி எடுத்துவந்ததாகவும், எடுக்கும்போது அது வெள்ளையாகத்தான் இருந்தது என்றும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

ஜேசனுக்கு ஒரு யோசனை வந்தது. இணையத்தில் இறக்கிய உதவிக் கோப்பைக் கணினி சந்தேகப்பட்டுப் பூட்டிவைப்பது உண்டு. அப்போதும் இப்படித்தான் வெள்ளையாகத் தெரியும். ஆனால் வகுப்பில் இணைய இணைப்பே இல்லை, எட்டுக்கும் பென் டிரைவில்தான் போட்டது என்று கஜேந்திரன் சொன்னதும் அந்த யோசனை படுத்துவிட்டது. வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையில் அங்கே யார் போனது என்று நிரஞ்சலா கேட்டாள். சனிக்கிழமை தான் மட்டும் போனதாக அவர் சொன்னார். தூசி தட்டி, ஒழுங்குபடுத்திவிட்டுத் தெமோதரைக்கு ரயில் ஏறினாராம். ஒரு கோப்பையும் திறக்கவே இல்லையாம்.

"யசோதினியையும் வரச் சொல்லுங்க சார்," என்றாள் நிரஞ்சலா. "அவங்க இல்லாம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மூவரும் பசறை வீதிக்குப் போனார்கள். வகுப்பு ஒரு ஹாட்வெயார் கடையின் மாடியில் இருந்தது. கதவிலிருந்து ஜன்னல்வரை எட்டு மேசைகள். ஒவ்வொரு திரையின் மேலும் வெள்ளைப் பெயின்றில் எழுதிய ஒரு சின்னத் தகடு ஒட்டியிருந்தது: #1, #2 என்று #8 வரை. தேயிலைத் தோட்டத்தில் மலைக்கு மலை நம்பர் பலகை நட்டதுபோல் இருக்கிறதே என்று ஜேசன் சிரித்தான். கஜேந்திரன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். அவருடைய தோட்டத்தில் பலகைகளை எழுதியதும் அவர்தானாம். நம்பர் இல்லாத மலையில் எந்த வேலையும் ஓடாது என்றார்.

யசோதினி வந்து கதவோரத்தில் நின்றாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

வெள்ளையானவை கதவுக்கு அருகிலிருந்த முதல் நான்கு. ஜேசன் ஒன்றாம் மேசையில் வேலையைத் தொடங்கினான். பாட ஃபோல்டருக்குள் இருந்த கோப்பு வெள்ளையாக வந்தது. அதே கணினியில் பென் டிரைவிலிருந்து திறந்தபோது நன்றாக வந்தது. ஃபோல்டரிலிருந்து வெளியே திரைமுகப்புக்கு இழுத்துப் போட்டபோதும் நன்றாகவே வந்தது. பிறகு ஐந்தாம் மேசையின் நல்ல கோப்பை எடுத்து ஒன்றாம் மேசையின் ஃபோல்டருக்குள் போட்டான். வெள்ளை.

"நல்லது உள்ள போனாச் சாகுது, செத்தது வெளிய வந்தா எந்திரிக்குது," என்றான் ஜேசன். "இந்த நாலு மிஷின்லயும் ஃபோல்டருக்குத் தகட்டுல உள்ள பேரையே வச்சிருக்கு. மத்த நாலுல பழையபடி இங்கிலீஷ் எழுத்துல பாடம்னு இருக்கு. அதத் தவிர எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல."

"பேய் வீடுன்னு எழுதி ஒட்டிடுவோமா?" என்றாள் யசோதினி. வந்ததிலிருந்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

நிரஞ்சலா ஆறாம் மேசைக்குப் போய் அவளைக் கூப்பிட்டாள். உதவிக் கோப்பைத் திறந்து ஏதாவதொரு பக்கத்தைக் காட்டச் சொன்னாள். யசோதினி திறந்தாள். மரண அறிவித்தலுக்குக் கறுப்புக் கரை போடும் விதம் படத்தோடு வந்தது. அதை மூடச் சொல்லிவிட்டு நிரஞ்சலா கஜேந்திரன் பக்கம் திரும்பினாள்.

"சனிக்கிழமை ஒழுங்குபடுத்தினேன்னு சொன்னீங்களே, அதையே இப்ப இந்த மேசையில செய்ங்க சார்."

"ஃபைலத் தொடலன்னு சொன்னேனே. ஃபோல்டருக்குப் பேர் மட்டும்தான் போட்டேன்."

"அந்தப் பேர மட்டும் போடுங்க."

அவர் உட்கார்ந்து, இரண்டு விரல்களால் நிதானமாகத் தட்டினார். பழைய பெயர் போய் #6 என்று வந்தது. நிரஞ்சலா கேட்டுக்கொண்டபடி உதவிக் கோப்பையும் அவரே திறந்தார். மரண அறிவித்தலின் தலைப்பு இருந்தது. அவர் சொடுக்கினார். வெள்ளை. இன்னொரு தலைப்பைச் சொடுக்கினார். அதுவும் வெள்ளை.

ஜேசன் குனிந்து கோப்பை மூடினான்; ஃபோல்டர் பெயரில் # என்ற ஹேஷ் குறியை மட்டும் அழித்து, 6 என்று விட்டு, கோப்பை மறுபடி திறந்தான். கறுப்புக் கரை திரும்பி வந்தது.

நிரஞ்சலா விளக்கினாள். உதவிக் கோப்பின் உள்ளே இருப்பவை இணையப் பக்கங்களைப் போன்றவை. அவற்றைத் தேடிப் போகும் முகவரியில் ஹேஷ் குறி வந்தால், இடம் அத்தோடு முடிந்தது, மிச்சம் பக்கத்துக்குள்ளே இருக்கும் ஓர் அடையாளம் என்று கணினி எடுத்துக்கொள்ளும். பாதி முகவரியோடு போய்த் தேடும். பக்கம் அங்கே இருக்காது. தலைப்பு வரிசை வேறு வழியில் வருவதால் அது மட்டும் தெரியும்.

"முதல் நாலு மட்டும் வெள்ளைன்னு கேட்டப்பவே எனக்கு யோசனை," என்றாள். "அழிக்க நெனச்சவங்க எட்டையும் அழிச்சிருப்பாங்க. கதவுப் பக்கமிருந்து வரிசையா நாலு மட்டும்னா, யாரோ ஒழுங்கா ஒரு வேலையத் தொடங்கிப் பாதியில விட்டுட்டுப் போயிருக்காங்க. ஏன் சார் நாலோட நிறுத்தினீங்க?"

"ரயிலுக்கு நேரமாயிருச்சு."

மழை தகரத்தில் விழும் சத்தம் கேட்டது. ஜேசன் எதையோ சொல்ல வாயெடுத்து, நிரஞ்சலாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"மலைக்கு நம்பர் மாத்தினாக் கொழுந்து மாறுமா?" என்றார் கஜேந்திரன், தனக்குத்தானே கேட்பதுபோல. "ஆபீஸ்ல எத்தனை தடவை மாத்தியிருக்கேன். அதனாலதான் யாராவது ஏதாவது மாத்தினீங்களான்னு புள்ளைங்களக் கேட்டப்ப, நான் செஞ்சது எனக்கு ஞாபகத்துக்கே வரல."

மாலை வகுப்புப் பிள்ளைகள் குடைகளை உதறிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் கஜேந்திரன் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே படிக்கட்டுப் பக்கம் நடந்தார். யசோதினி கதவருகே வந்து வழியை மறித்து நின்றாள்.

"என்னைய இவங்க முன்னுக்குத்தான கேட்டீங்க சார். பண்டாரவளைக்கும் இங்க நின்னே பேசுங்க."

கஜேந்திரன் பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பி நின்று எண்ணை அழுத்தினார். மறுமுனையில் ஒரு பெண் பேசுவது கேட்டது.

"ஆமாங்க, யசோதினி பத்தித்தான். நம்பி எடுக்கலாம். கேள்விப்பட்டிருப்பீங்க, இங்க ஹெல்ப் ஃபைல் ஒண்ணு கெட்டுப் போச்சுன்னு. அது அந்தப் புள்ள செஞ்சது இல்ல. இல்லைங்க, புள்ளைங்களும் இல்ல. நான். நான்தான் கெடுத்துட்டு, பழிய அந்தப் புள்ள மேல போட்டேன்."

பிள்ளைகள் உட்காரவும் மறந்து நின்றார்கள். மறுமுனையில் வேறேதோ கேட்டார்கள். எப்போது அனுப்பமுடியும் என்பதாக இருக்க வேண்டும். பிள்ளைகளின் பரீட்சை முடியும்வரை அவள் இங்கே தேவை என்று சொல்லலாமா என்று அவர் யோசித்ததுபோல் தெரிந்தது. ஆனால் சொல்லவில்லை. கைபேசியை யசோதினியிடம் நீட்டினார்.

"வணக்கம் மிஸ்," என்றாள் அவள். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கஜேந்திரனை ஒருமுறை பார்த்தாள். "வர்ற திங்கட்கிழமையே வாறேன்."

கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி நாற்காலியில் மாட்டினாள். வெள்ளிக்கிழமைவரை பாடம் எடுப்பேன், அதற்குள் இந்தப் பிள்ளைகளுக்கு வேறு ஆள் பார்த்துவிடுங்கள் என்று அவரிடம் சொன்னாள். கஜேந்திரன் சரி என்று தலையசைத்தார். அவள் பிள்ளைகளை உட்காரச் சொல்லிப் பாடத்தைத் தொடங்கினாள்.